ஆயிரத்து ஒன்பது

கம்பெனி வேன் மாதனூரைத் தாண்டும்போது ஹெலன் செல்போனில் கணக்குப் போட்டாள். 1022117-ஐ 1009-ஆல் வகுத்தாள். 1013 வந்தது, மீதி இல்லை. இன்னொரு தடவை போட்டாள். பாழாய்ப்போன செல்போனுக்கு இரக்கமா இருக்கும்? அதே 1013தான்.

அது தேவிகாவின் காலேஜ் விண்ணப்ப எண். பதினாலு வருஷமாகியும் ஹெலனுக்கு மறக்கவில்லை. பிளஸ் டூவில் இரண்டு பேருக்கும் எண்களை வகுத்துப் பார்ப்பதே விளையாட்டு. பஸ் டிக்கெட்டைக்கூட விடமாட்டார்கள். படித்தது போதும், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போ என்று ஹெலன் வீட்டில் சொல்லியாயிற்று. தேவிகாவுக்கோ வேலூரில் பி.எஸ்சி. கணக்கு கிடைத்திருந்தது. போவதா, தோழியோடு கம்பெனிக்கு வருவதா என்று தவித்தவள், கடைசியில் விண்ணப்பத்தை ஹெலன் கையில் கொடுத்தாள். "இந்த நம்பர் வகுபட்டா காலேஜ். பகா எண்ணா இருந்தா உன்னோட கம்பெனி. நீயே பாத்துச் சொல்லு." பதினேழு வயசுக் கிறுக்கு, வேறென்ன!

ஹெலன் மூன்று நாள் வகுத்தாள். புத்தகத்தின் கடைசியில் ஆயிரம் வரைக்கும் பகா எண் அட்டவணை இருந்தது. மொத்தம் நூற்று அறுபத்தெட்டு. ஒன்றாலும் அது வகுபடவில்லை. அட்டவணை முடிந்தது, அவளும் முடித்துக்கொண்டாள். வகுக்கும் எண்ணின் வர்க்கம் அந்தப் பெரிய எண்ணைத் தாண்டும்வரை விடக்கூடாது என்று கணக்கு டீச்சர் தலைதலையாய் அடித்துக்கொண்டது தெரியாதா? தெரியும். ஆனால் 997 முடிந்ததுமே மனசு குளிர்ந்துவிட்டது. இனி கம்பெனிக்குத் தனியாகப் போகவேண்டாம். "பகா எண்தான்டி!" என்று ஓடிப்போய்ச் சொன்னாள்.

நேற்று மகள் வீட்டுப்பாடத்தை வைத்துக்கொண்டு, "எதுவரைக்கும் வகுக்கணும்மா?" என்று கேட்டபோதுதான் சுருக்கென்றது.

மதியம் கேன்டீனில் தேவிகா எதிரே வந்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். தோல் தைத்துத் தைத்து அவள் விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. ஹெலன் தன் டப்பாவில் கை வைக்கவில்லை.

"தேவிகா, உன் அப்ளிகேஷன் நம்பர் பகா எண் இல்லடி. நான் ஆயிரத்தோட நிறுத்திட்டேன். ஆயிரத்து ஒம்போதுல வகுபடுது."

தேவிகா குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டே, "தெரியும்" என்றாள்.

"இன்னாது?"

"உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே போட்டுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்டி என்னைக் கேட்ட?"

"நீ ஒரு வார்த்தை, போயிட்டு வாடின்னு சொல்லுவியான்னு பாத்தேன். நீ சிரிச்சிக்கினே ஓடியாந்த. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிப் போறது?"

இன்னும் ஒரே ஒரு எண். அதை வகுக்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? பாவி, பாவி என்று ஹெலன் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஆறுது பார், சாப்பிடு" என்றாள் தேவிகா. தினமும் செய்வதுபோல் தன் முட்டையை இரண்டாக விண்டு, பெரிய பாதியை ஹெலன் டப்பாவில் வைத்தாள்.

பெல் அடித்தது. தேவிகா கை கழுவப் போய்விட்டாள். அந்தப் பாதி முட்டை டப்பாவில் அப்படியே இருந்தது.