கோடு என்ன சொல்லுது

…இதோ மறுபடியும் கேட்டுவிட்டாள் அக்கா, கோடு என்ன சொல்லுது என்று, வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரியை எழுப்பி நிறுத்திக் கேட்கிற அதே குரலில், வெயில் பளீரென்று அடிக்கிறது, நடுச்சாலையில் வெள்ளைக் கோடு விட்டு விட்டு ஓடுகிறது, இதை இவளுக்கு ஒருத்தி வாயால் சொல்ல வேண்டுமா, இருபது வருஷமாக இதே சாலையில் ஓட்டியவளுக்கு? "விட்ட கோடுக்கா" என்றாள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவள். "விட்ட கோடுன்னா?" "எதிர்ல வண்டி வரலன்னா தாண்டலாம்." "ம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான். சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை, அந்த ஒரு ம்மில் எத்தனை மதிப்பெண் போட்டாள் என்று யார் கண்டது... சரித்திர டீச்சரோடு கூடப் பிறந்தால் சாகும்வரை பரீட்சைதான். தங்கைக்காரியின் வேலை என்ன, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்ப்பது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிசகிய தையலைத் தேடுவது, நாள் முழுக்கக் கோடு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளிடம் கோட்டைப் பற்றிக் கேட்கிறாள். ஓட்டுநர் பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்த அன்றைக்கே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது, விட்ட கோடு என்பது பிரித்துவிடப் போகிற ஓட்டுத்தையல், முழுக் கோடு என்பது மிஷின் தையல், அதில் கை வைக்கக் கூடாது, இரட்டைக் கோடு ஜீன்ஸ் பேன்ட்டின் பக்கவாட்டுத் தையல், கிழித்தால்கூடப் பிரியாது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் எதைத்தான் முழுதாகச் சொன்னோம்...

முதலில் இந்தக் காரே சந்தேகம்தான். எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கிறவளா அக்கா? சின்ன வயதில் ஒருமுறை நீலக் குடையைக் கொடுத்தாள், நீயே வெச்சுக்கோ என்று வாயெல்லாம் பல்லாக, மழையில் விரித்தபோதுதான் தெரிந்தது உள்ளே இரண்டு கம்பி முறிந்திருப்பது, வீட்டில் யார் உடைத்தது என்று கேள்வி வந்தபோது குடை யார் கையில் இருந்தது? அப்படிப்பட்டவள் திடீரென்று ஒரு நாள் சாவியை மேஜைமேல் வைத்து, எனக்கு இனிமே ஓட்ட அலுப்பா இருக்கு, நீ கத்துக்கிட்டு எடுத்துக்கோ என்றால், மனுஷிக்குச் சந்தேகம் வராமல் என்ன வரும்? ஓட்ட அலுப்பாம். ஓட்டுவதற்காகவே கடைத்தெருவுக்கு மூன்று தரம் போகிறவளுக்கு அலுப்பாம். அத்தானுக்கு ஸ்டீயரிங் என்றாலே கை நடுங்கும், இத்தனை வருஷமும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றியது அக்காதான். மெக்கானிக்கைக் கூட்டிவந்து வண்டியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கச் சொன்னாள் அவள். "வண்டி தங்கமா இருக்கும்மா. இடது பக்கம் கொஞ்சம் உரசல், அதுவும் இப்ப பட்டதுதான்." இப்ப பட்டதா, எங்கே, யார்மேல்? கேட்டதற்கு, நிறுத்தியிருந்தப்போ எவனோ உரசிட்டுப் போயிட்டான் என்று அக்கா பூசி மெழுகினாள். வீட்டுக்காரர்தான் சொன்னார், "உங்கக்கா உங்கம்மா வீட்டை விக்கப் போறாங்க. அம்மாவ நம்ம தலையில கட்டறதுக்கு முன்பணம்தான் இந்த காரு." அவர் சொன்னது அவள் மனதில் ஈரத்துணியில் சாயம் மாதிரி இறங்கிவிட்டது. இன்றைக்கும் பார், எங்கே போகிறோம் என்று சொன்னாளா? நேற்று சாயங்காலம் போன். நாளைக்கு ஒரு வேலையா வெளியில போகணும், வண்டிய எடுத்துட்டு வா. எங்கேக்கா? வா, சொல்றேன். வந்தாயிற்று, பாதி ஊரைத் தாண்டியாயிற்று, நேராப் போ, நேராப் போ என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. வக்கீல் ஆபீஸாக இருக்குமோ, பத்திர ஆபீஸாக இருக்குமோ... எங்கே கூட்டிப்போனாலும் கையெழுத்து மட்டும் போடாதே என்று வீட்டுக்காரர் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நாற்சந்தி வந்தது. பச்சை விளக்குதான், ஆனாலும் அவள் நிறுத்தினாள், தரையில் மஞ்சள் கட்டம் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழுத்திருந்தது, அந்தப் பக்கம் வண்டிகள் நெருக்கி நின்றன, கட்டத்துக்குள் நுழைந்தால் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் ஒருவன் ஹார்ன்மேல் கையை வைத்து எடுக்கவே இல்லை. "ஏன் நின்னுட்ட?" என்றாள் அக்கா. "மஞ்சள் கட்டம்க்கா. அந்தப் பக்கம் இடம் விழுந்தாத்தான் நுழையணும்." "இங்கயா? எப்பப் போட்டாங்க?" எப்பப் போட்டாங்களாம்! காலடியில் வாசல் அகலத்துக்குப் படுத்துக் கிடக்கிறது, மூக்குக்கு முன்னால் மஞ்சளாகப் பளபளக்கிறது, தெரியாத மாதிரி கேட்கிறாள், வாயைக் கிண்டுகிறாள், நான் புத்தகத்தைப் படித்தேனா இல்லையா என்று ஆழம் பார்க்கிறாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இடம் விழுந்ததும் கடந்தாள். அப்புறம் அம்பு எந்தப் பக்கம் காட்டுது என்று ஒரு கேள்வி, நேராவும் இடதும்க்கா என்று ஒரு பதில், கொஞ்ச தூரம் போனதும் இப்ப கோடு என்ன சொல்லுது என்று இன்னொரு கேள்வி. அங்கே நடுவில் ஜோடியாக இரண்டு கோடு, இந்தப் பக்கத்தது முழுசு, அந்தப் பக்கத்தது விட்டு விட்டு. எதிரே வருகிறவர்கள் தாண்டலாம், நாம் தாண்டக் கூடாது. இதற்கு மட்டும் புத்தகமே தேவைப்படவில்லை அவளுக்கு, பிறந்ததிலிருந்து பார்த்த கோடுதானே, அக்கா ராத்திரி தோழி வீட்டில் தங்கலாம், இவள் கூடாது, அக்கா வெளியூரில் படிக்கலாம், இவள் கூடாது, ஒரே வீடு, ஒரே சாலை, நடுவில் இரண்டு கோடு...

சந்தை தாண்டியதும் ஒரு தண்ணீர் லாரி முன்னால் மாட்டியது. வழியெல்லாம் ஒழுக விட்டுக்கொண்டு ஆமையாக நகர்கிறது, வைப்பர் போட வேண்டியிருந்தது. சாலை வலப்பக்கம் வளைகிறது, வளைவில் ஒரு கட்டடம் மறைக்கிறது, நடுவில் கோடு அறுபடாமல் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று. "கோடு என்ன சொல்லுது?" அவளுக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொண்டது, எத்தனை தரம்தான் ஒப்பிப்பது, பதில் தெரிந்துகொண்டே கேட்கிறவளுக்குத் தப்பாகச் சொன்னால் என்ன செய்வாள், கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் முகம் மலருமே, அதைத்தான் பார்ப்போம் என்று, "விட்ட கோடுக்கா" என்றாள். முகம் மலரவில்லை. "அப்பத் தாண்டேன், எதுக்கு அதோட வாலப் பிடிச்சுக்கிட்டே போற?" தாண்டச் சொல்கிறாளா? இந்த வளைவிலா? காலை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை, அப்படியே லாரிக்குப் பின்னால் போனாள், வளைவிலிருந்து ஒரு பஸ் பிளிறிக்கொண்டு வந்து கண்ணாடி அதிர அவர்களை உரசுகிற மாதிரி போயிற்று. அக்கா இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். "தாண்டச் சொன்னியே, இப்ப என்ன ஆகியிருக்கும்?" என்றாள் அவள், குரல் கீச்சென்று ஏறிவிட்டது. "நீதானே விட்ட கோடுன்ன? நீ சொன்னத வெச்சுத்தானே நான் சொன்னேன்?" என்றாள் அக்கா. பார், பார், எப்படித் திருப்புகிறாள், வண்டி நசுங்கிக் கிடந்தாலும் அவதான் சொன்னா என்று சொல்லித் தப்பிக்க வழி பார்த்து வைத்திருக்கிறாள், நீலக் குடைக்காரி... ஆனாலும் அக்காவின் கை ஏன் இன்னும் இருக்கையை விடவில்லை? உதட்டு ஓரம் ஏன் அப்படித் துடிக்கிறது? நடிக்கிறவளுக்கு உதடு துடிக்குமா?

லாரி ஒரு சந்துக்குள் திரும்பிப் போயிற்று. ஆற்றுப்பாலம் ஏறி இறங்கியதும் டயரின் சத்தம் திடீரென்று அடங்கிவிட்டது, தார் வாசனை உள்ளே வந்தது, புதிதாகப் போட்ட சாலை, சூடு ஆறி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, துடைத்து வைத்த கரும்பலகை மாதிரி ஒரு கீறல் இல்லை, கோடு இல்லை, அம்பு இல்லை, ஒன்றுமே இல்லை, விளிம்பு எங்கே என்று அவளுக்கே தடுமாற்றமாக இருந்தது. அக்கா பாலத்தின் இறக்கத்தை உணர்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலில் பழைய தெம்பு திரும்பிவிட்டது. "இங்க ஜாக்கிரதையாப் போ. ரெட்ட மஞ்சக் கோடு. பள்ளிக்கூடம் வரைக்கும் தாண்டவே கூடாது. பாரு, எவ்வளவு தெளிவாப் போட்டிருக்கான்."

அவள் சாலையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இது என்ன புது வலை? ஆமாம் என்று சொன்னால் சிரிப்பாளா, இல்லை என்று சொன்னால் சிரிப்பாளா? ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தாள், அந்த முகத்தில் சூது ஒன்றும் இல்லை, கடினமான கேள்விக்கு விடை தெரிந்துவிட்ட மாணவியின் பெருமைதான் இருந்தது, கண் இரண்டும் நேரே சாலைமேல் இருந்தன, சாலைமேல் என்றால்... சாலை இருக்கிற திசைமேல். அப்போதுதான் அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பைக் எட்டிப் பார்த்தது, பார்த்தது என்ன, பாய்ந்தே விட்டது, சிவப்புச் சட்டைக்காரன், தடித்த ஆள், பின்னால் ஒரு கேஸ் சிலிண்டரைக் கட்டி வைத்திருந்தான், அவ்வளவும் அக்காவின் கண்ணுக்கு நேராகக் குறுக்கே போயிற்று, அக்கா அசையவில்லை, இமைகூடக் கொட்டவில்லை. அவள் பிரேக்கை மிதித்த பிறகுதான், உடம்பு முன்னால் குலுங்கிய பிறகுதான், அக்காவின் கை பறந்துபோய் முன்பலகையில் ஊன்றியது. "என்னடி... நாயா?"

பைக்கில் போனவன் திரும்பி ஏதோ திட்டிவிட்டுப் போனான். நாயா என்று கேட்கிறாள். பட்டப்பகலில், சிவப்புச் சட்டை போட்ட முழு ஆளை... "ஆமாக்கா. நாய்தான். போயிடுச்சு." எப்படி அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கியரைப் போட்டாள், வண்டி ஒருமுறை திணறி நகர்ந்தது. எத்தனை நாளாகக் கண் இப்படி? அத்தானுக்குத் தெரியுமா? வகுப்பில் கரும்பலகையில் எப்படி எழுதுகிறாள்? கோடு என்ன சொல்லுது, அம்பு எந்தப் பக்கம், எப்பப் போட்டாங்க... ஒவ்வொன்றும் கேள்விதானா? வெறும் கேள்வி, தெரியாதவள் தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி? அப்படியானால் அந்த வளைவில், விட்ட கோடு என்று இவள் சொன்னபோது, தாண்டேன் என்று அக்கா சொன்னது... பஸ்ஸின் இரைச்சல் இப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது. மெதுவாகப் போனாள், இல்லாத இரட்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கமாகவே, அதை ஒரு விரற்கடைகூடத் தொடாமல். "தாண்டலக்கா" என்றாள். "ம்" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடம் வந்தது. பழைய சாலை மறுபடி தொடங்கியது, கோடுகளும் வந்துவிட்டன, அவள் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள், "முன்னாடி நடக்கறவங்க கடக்கற பட்டைக் கோடுக்கா, ஒருத்தர் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போறாரு, நிக்கறேன்... போயிட்டாரு, எடுக்கறேன்... இப்ப நடுவுல முழுக் கோடு... இடது பக்கம் அம்பு வருது, நாம நேராத்தானே?" "நேராத்தான்" என்றாள் அக்கா. கொஞ்ச தூரம் போனது. "ஏன்டி, நான் ஒண்ணும் கேக்கலையே. எதுக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வர்ற?" "சும்மாதான். வாய்விட்டுச் சொன்னா மனசுல நிக்கும்னு." அக்கா மெல்லத் தலையைத் திருப்பினாள், அவள் முகத்தைப் பார்க்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும், பார்வை காதோரம் எங்கோ வந்து நின்றது, நெற்றி சுருங்கியிருந்தது. வக்கீல் ஆபீஸுக்கோ கண் ஆஸ்பத்திரிக்கோ, எங்கே போகிறோம் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பது இல்லை, கேட்டால் சொல்லிவிடுவாளோ என்றுதான்...

சிவப்பு விளக்கு. நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தினாள், இதையும் சொல்லலாமா என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். அக்கா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "அப்பக் குறுக்க வந்தது..." என்று தொடங்கி நிறுத்தினாள். குரலில் டீச்சர் இல்லை. "நாய்தானே?" விளக்கு பச்சையாயிற்று, பின்னால் ஹார்ன் அடித்தார்கள், அவள் கிளட்ச்சில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள், ஆமாம் என்கிற பதிலையா இல்லை என்கிற பதிலையா, அக்கா எதைக் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.