பெருவிரல் முடிச்சு

இத்தனை வருசம் தாதியாக வேலை பார்த்தவளிடம், பட்டம் இல்லாமல் இனிப் பதவி உயர்வு இல்லை என்றார்கள். அந்தக் கோபத்தில்தான் பிரியந்தினி மறுபடி படிக்கப் போனாள். சனிக்கிழமைகளில் விசுவமடுவிலிருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறினாள்.

அன்று செய்முறைச் சோதனை. இறந்தவரின் உடலை எப்படிப் பராமரிப்பது என்று ஒரு பிளாஸ்டிக் பொம்மையில் செய்துகாட்ட வேண்டும். வார்டில் எத்தனை பேருக்குச் செய்த வேலை! கண்களில் ஈரப் பஞ்சு வைத்தாள். வாய் திறவாதபடி நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டினாள். செத்தவீட்டில் கட்டுவதுபோலவே கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

“பெயர் அட்டையும் கட்டுங்கோ அக்கா. ஏதாவதொரு பேரை எழுதினால் சரி,” என்றாள் இளம் விரிவுரையாளர்.

‘கோகுலன்’ என்று பிரியந்தினியின் கை எழுதிவிட்டது.

கோகுலன் அவள் புருசன். சண்டை முடிந்த அன்று இராணுவத்திடம் சரணடைந்தவன். பிறகு அவனைக் கண்டவர்கள் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன அரசாங்கக் கந்தோர்க்காரர்களிடம், “அவர் செத்ததை ஆர் கண்டது?” என்று சண்டை பிடித்தவள் அவள். இன்றுவரை நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை.

“வடிவாச் செய்திருக்கிறியள். முழுப் புள்ளி,” என்றாள் விரிவுரையாளர். “இனி எல்லாத்தையும் கழட்டிவிடுங்கோ. அடுத்த ஆள் செய்யவேணும்.”

பிரியந்தினி குனிந்தாள். முடிச்சு நன்றாக இறுகியிருந்தது. கோகுலனுக்கென்று நடந்த ஒரே செத்தவீடு அதுதான். அதையும் அவளே நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.