நாலாவது டம்ளர்

எங்கள் பக்கத்தில் வெள்ளாடுகள் அந்தந்த வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் பால் கறக்கும். தலைக்கு ஒரு டம்ளர். ஒருவர் பங்கு முடிந்ததும் நிறுத்திக்கொள்ளும். அடுத்தவர் டம்ளரை வைத்தால் மறுபடி விடும். ஒருவர் பங்கில் இன்னொருவர் வாய் வைத்தால் அங்கேயே தயிராகிவிடும். அதனால் பாலை யாரும் பகிர்ந்துகொள்வதில்லை.

நான் குழந்தைவேலைக் கட்டிக்கொண்டு தை மாதம் இந்த வீட்டுக்கு வந்தேன். கருவாச்சி, செம்பி என்று இரண்டு ஆடுகள். மாமனார், மாமியார், கணவர் மூவருக்கும் பால் வந்தது. எனக்கு வரவில்லை. நான் வரக்காப்பி குடித்தேன்.

ஆடுகளைக் குறை சொல்லமாட்டேன். அவர்களைப் போல நறுவிசு யாருக்கு வரும்? கருவாச்சி தரையில் விழுந்த தழையைத் தொடமாட்டாள். அடுத்தவள் கடித்ததை முகர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். செம்பி கண்ணை மூடி அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பில் உலை வைத்ததே மறந்துபோகும்.

ஆனாலும் எனக்கு இந்த வீட்டு ஆளாகிவிட வேண்டும் என்றிருந்தது. குழாயடியில் பெண்கள் வேறெதுவும் விசாரிக்காமல், பால் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்கள். அகத்தித் தழை கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கட்டினேன். பழைய சீப்பால் ரோமம் வாரிவிட்டேன். எல்லாவற்றையும் கருவாச்சியும் செம்பியும் மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள். பால் மட்டும் மூன்று டம்ளரோடு நின்றது. மாமியார் தனக்கும் இரண்டாவது ஆடியில்தான் வந்தது என்றார். "அதுங்களுக்காத் தோணோணும் கண்ணு."

ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகியது. ஓடு மாற்றச் சொல்லி மாமனாரிடம் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செம்பியின் முதுகில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தன தடவ சொல்றதுங் மாமா? ஆடு நனையுது, நீங்க பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருக்கறீங். ஏணிய எடுக்கறீங்ளா, இல்ல நானே ஏறட்டுங்ளா?"

மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஏணியை எடுத்தார். ஆடுகள் அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை மூன்று பங்கும் முடிந்த பிறகு கருவாச்சி எப்போதும்போல் காலைத் தூக்கி விலகவில்லை. அப்படியே நின்றாள். மாமியார் உள்ளே போய், என் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். கல்யாணத்தின்போதே வாங்கி வைத்திருக்கிறார். பாலைக் குடித்தபோது சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா போன் செய்தார். அப்பா போன பிறகு அவர் ஊரில் தனியாக, ஒற்றை ஆட்டோடு இருக்கிறார். அந்த ஆடு இத்தனை மாதமும் என் பங்கைக் கறந்துகொண்டே இருந்திருக்கிறது. அம்மா தினமும் அதில் உதட்டை வைத்து எடுப்பாராம். உறை ஊற்றாமலே தயிராகிவிடும்.

"இன்னைக்கு உம்பங்கு வரல கண்ணு. அங்க வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"செரி, நல்லாரு. மோருக்குத்தான் என்ன பண்றதுன்னு பாக்கறேன்."

அவர் மதியச் சோறே மோர்ச்சோறுதான். இனி அந்த வீட்டில் ஒரு டம்ளர் கறந்தால் வேலை முடிந்தது. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அம்மாவின் வீட்டில் அம்மா மட்டும் மிச்சம். கொட்டகையில் உட்கார்ந்து இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி அழுதேன். அங்கே ஆடுகளைத் தவிர யாரும் இல்லை.

மறுநாள் நான்கு பங்கையும் கருவாச்சி ஒருத்தியே கறந்தாள். செம்பி மடியைத் தொடவிடவில்லை. முளைக்குச்சியிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ரோட்டுக்குப் போய் பஸ் ஸ்டாப்பில் நின்றாள். மாமியார் ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். டவுன் பஸ் வந்தது. என் அம்மாவின் ஊரில் இறக்கிவிட வேண்டும் என்று மாமனார் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் மகளிருக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வழியில் செக்கிங் ஏறுவார்கள் என்பதால் செம்பி அதைத் தின்னாமல் உதட்டில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.