ஓர் ஆள் அகலம்

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, பெண்ணின் அப்பா நடுக்கடலில் இருந்தபடி ஸ்டுடியோக்காரருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கப்பலின் நாலாவது தளத்தில், போட்டோ பிரிவுக்கென்று ஒதுக்கியிருந்த ஜன்னலில்லாத அறை. பிரிண்டர் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, "குடும்பமா எடுக்கிற படத்துல என் சம்சாரத்துக்கும் பொண்ணுக்கும் நடுவுல ஒரு ஆள் அகலத்துக்கு எடம் விட்டு நிக்க வைங்க. வெளிச்சம் எடது பக்கத்துல இருந்து வரணும். கேமரா நெஞ்சு உயரத்துல இருக்கட்டும். மத்ததை நான் பாத்துக்கிறேன்," என்றார்.

"சரிங்கண்ணே. நீங்க நேர்லயே வந்திருந்தா இவ்வளவு கஷ்டமில்ல," என்றார் ஸ்டுடியோக்காரர்.

"கம்பெனி விட்டாத்தானே."

சொல்லிச் சொல்லி அது அவருக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

போட்டோ மேனேஜர் என்றால் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு கடலைப் படம் எடுக்கிற உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் நினைத்திருந்தார்கள். அவர் கடலைப் படம் எடுத்து வருஷக்கணக்காகிறது. அவருக்குக் கீழே ஒன்பது போட்டோகிராபர்கள். கப்பலில் ஏறும்போது ஒரு படம், சாப்பாட்டு மேஜையில் ஒரு படம், பெரிய படிக்கட்டில் கோட்டும் கவுனுமாய் ஒரு படம் என்று மூவாயிரம் பயணிகளை விரட்டி விரட்டி எடுத்து, பிரிண்ட் போட்டு, அவர்கள் தலையிலேயே கட்ட வேண்டும். இதில் அவர் கில்லாடி. ஒரு குடும்பம் படிக்கட்டில் வந்து நிற்கிற நிற்பிலேயே யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு குழந்தையை நுழைத்து, இரண்டு பேர் கையையும் அதன் தோளில் வைக்கச் சொல்லி, கண்மூடித் திறப்பதற்குள் ஒற்றுமையான குடும்பம் ஒன்றைத் தயார் பண்ணிவிடுவார். சொந்த வீட்டு விஷயத்தில்தான் அந்தக் கண் அவிந்து போயிருந்தது.

கம்பெனி விடவில்லை என்பது பச்சைப் பொய். அவருடைய ஒப்பந்தம் கல்யாணத்துக்கு இருபது நாள் முன்பே முடிந்திருக்க வேண்டியது. பெட்டிகூடப் பாதி கட்டியாகிவிட்டது. அப்போதுதான் ஐந்து கப்பல்களின் போட்டோ பிரிவுக்கும் சேர்த்து ஒரே தலைமை வரப்போகிறது என்ற பேச்சு காதில் விழுந்தது. இவர் இறங்கினால் இவர் இடத்துக்கு வரப்போகிறவன் இன்னொரு கப்பலின் உதவி மேனேஜர். மேலிடத்தில் யாரைப் பார்த்தாலும் குழைகிறவன். கூட்டம் அலைமோதுகிற சீசனில் அவனை மூன்று மாதம் அந்த நாற்காலியில் உட்காரவிட்டால் பிறகு எழுப்ப முடியாது; அந்தத் தலைமைப் பதவியும் அவனுக்கே போய்விடும். இரண்டு நாள் யோசித்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் இருக்கச் சம்மதம் என்று அவராகவே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் போன் போட்டு, மாற்று ஆள் கிடைக்கவில்லை, கம்பெனி விட மாட்டேன் என்கிறது என்று தழுதழுத்தார். தழுதழுப்பு நிஜம், காரணம்தான் பொய். மனைவி ஓவென்று அழுதாள். அதற்கு இரண்டு நாள் கழித்து மகள் பேசினாள். "சரிப்பா, உடம்பைப் பாத்துக்கோங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். எவ்வளவு பக்குவம் என்று அவருக்கு உச்சி குளிர்ந்து போனது.

இருந்தாலும் மகள் கல்யாணப் படத்தில் அப்பன் இல்லையென்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். காலத்துக்கும் சுவரில் மாட்டியிருக்கப்போகிற படம். அதில் அவர் இருந்துவிட்டால், பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறவனுக்கு அவர் வந்தாரா வரவில்லையா என்று எப்படித் தெரியும்? இதை நினைத்தபோது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் கைவசம் வேறு வழி இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பயணிகள் நீச்சல்குளத்தில் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில், கப்பல் ஸ்டுடியோவின் கதவைச் சாத்திக்கொண்டார். சாம்பல் நிறக் கோட்டு. மனைவியின் உயரத்துக்கு ஒரு லைட் ஸ்டாண்டை ஏற்றி வலது பக்கம் நிறுத்தினார். இடது பக்கம் மகளுக்குப் பதிலாக, போட்டோகிராபர்களில் ஒருத்தியான, எல்லோரும் சுருட்டை என்று கூப்பிடுகிற பெண்ணை நிற்க வைத்து, அவள் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணு என்னைவிட உயரமா சார்?"

அவர் நினைத்துப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் வந்ததெல்லாம் போன் திரையில் பார்த்த முகம்தான். அதற்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருந்ததில்லை.

"கொஞ்சம் உயரம்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

சுருட்டை குதிகாலைத் தூக்கி நின்றாள். "சிரிங்க சார். பொண்ணு கல்யாணம்."

கேமரா தானாகவே பன்னிரண்டு முறை கண் சிமிட்டியது. பன்னிரண்டிலும் அவர் நன்றாகவே சிரித்திருந்தார்.

மறுநாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. காலையெல்லாம் இறங்குகிற பயணிகளை மடக்கி மடக்கிப் படம் எடுத்துவிட்டு அறைக்கு வந்து பார்த்தால், ஸ்டுடியோக்காரரிடமிருந்து படம் வந்திருந்தது. அவர் உட்காராமலேயே திறந்தார். சொன்னபடி வெளிச்சம் இடது பக்கம். சொன்னபடி கேமரா நெஞ்சு உயரம். மகளும் மாப்பிள்ளையும் நடுவில். மகளை ஒட்டி மனைவி. இரண்டு பேருக்கும் நடுவில் ஊசி நுழைய இடமில்லை. மகளின் கை அம்மாவின் தோளைச் சுற்றி வந்து இறுக்கிப் பிடித்திருந்தது. பின்னால் மனைவியின் தம்பி, அதாவது அவருடைய மச்சான், அப்பா நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"வேற படம் இல்லையா?" என்று போனில் கேட்டார்.

"இல்லைங்கண்ணே." ஸ்டுடியோக்காரர் மென்று விழுங்கினார். "நான் ரெண்டு தடவை கேட்டேன். உங்க வீட்டம்மா தள்ளி நிக்கத்தான் போனாங்க. பொண்ணுதான் இழுத்துப் பக்கத்துல நிறுத்திக்கிட்டாங்க. எடமெல்லாம் வேணாம், எடுங்கன்னுட்டாங்க."

மகளைக் கூப்பிட்டார். மண்டபத்துச் சத்தம் முதலில் வந்தது. பிறகு எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டு அது அடங்கியது.

"நல்லா நடந்துச்சாம்மா?"

"நல்லா நடந்துச்சுப்பா."

"படம் பாத்தேன். எனக்கு எடம் விடச் சொல்லியிருந்தேனே."

"லெட்டர் வந்துச்சுப்பா," என்றாள்.

"என்ன லெட்டர்?"

"நீங்களா முன்வந்து இன்னும் மூணு மாசம் இருக்கிறதுக்கு நன்றின்னு உங்க கம்பெனி அனுப்பின லெட்டர். எனக்கும் ஒரு காப்பி வந்துச்சு. நீங்க வர முடியாதுன்னு அம்மாகிட்ட சொன்னதுக்கு மறுநாள்."

வேலையில் சேர்ந்தபோது, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்ட இடத்தில், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகளின் மெயில் முகவரியைத்தான் அவர் எழுதியிருந்தார். வீட்டில் அவளிடம் மட்டும்தான் மெயில் இருந்தது. எழுதியதையே மறந்துபோனார். கம்பெனி மறக்கவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றார். கேட்ட பிறகுதான், முதலில் கேட்டிருக்க வேண்டியது இது இல்லை என்று உறைத்தது.

"சொல்லல. அம்மா இன்னும் உங்க கம்பெனிக்காரனைத்தான் திட்டிக்கிட்டு இருக்காங்க."

"பாப்பா, எல்லாம் உங்களுக்காகத்தான்…"

"எடம் விட்டு எடுத்திருந்தா நீங்க வந்த மாதிரி ஆயிடும்ப்பா. நீங்க வரல." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவரும் நாலு வார்த்தை பேசியிருப்பார். "கூப்பிடுறாங்க, போகணும். சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

அதுவும் பொய்தான்.

வெகுநேரம் அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னை எங்கேயாவது ஒட்ட முடியுமா என்று ஓரத்தில் வைத்துப் பார்த்தார், பின்வரிசையில் வைத்துப் பார்த்தார். சுருட்டையின் தோளில் போட்டிருந்த கை எங்கே வைத்தாலும் அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் தன்னை அழித்துவிட்டு, வந்தது வந்தபடியே பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டார். அது வெளியே வருவதற்குள், துறைமுக வாசலில் கேமரா மக்கர் பண்ணுகிறது என்று ஆள் வந்தது. போய்விட்டுத் திரும்பியபோது பிரிண்டரின் தட்டு காலியாக இருந்தது.

"எல்லாத்தையும் கேலரியில மாட்டிட்டேன் சார்," என்றாள் சுருட்டை. அவர் மகளின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

அவர் ஓட்டமும் நடையுமாக மேலே போனார். கேலரி என்பது கப்பலின் நடுவில் நீளமான நடைபாதை. இரண்டு பக்கச் சட்டங்களிலும் அன்றைய படங்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஊர் சுற்றிவிட்டு வந்த கூட்டம் அவரவர் முகத்தைத் தேடிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. ஏழாவது சட்டத்தில், கேக் வெட்டும் ஒரு வழுக்கைத் தலைக்கும் புதுத் தம்பதி ஒன்றுக்கும் நடுவில், அவர் வீடு இருந்தது. எத்தனையோ கண்கள் அதன் மேல் பட்டு நகர்ந்து போயின. அவர் எடுக்கக் கையை நீட்டினார். விரல் படத்தின் விளிம்பில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்தில் நின்ற வயதான பயணி அம்மாள் அவரையும் படத்தையும் பார்த்தார்.

"உங்க குடும்பமா தம்பி?"

"ஆமாங்க."

"அழகா இருக்காங்க. நீங்க எங்க நிக்கிறீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டத்தில் குனிந்தார். இடது கோடி முகத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, மெதுவாக வலது பக்கம் நகர ஆரம்பித்தார்.