பிஸ்மில்லா பறவை

ஸ்டூல் மேல் ஏறி நின்று அஜீசா படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். கீழே கட்டிலில் அத்தாவின் மூச்சு, தேங்காய் துருவுவதுபோல் கரகரத்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் எடும்மா," என்றான் அண்ணன் தாவூத். ரியாத்திலிருந்து வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. "உருவம் கீற வூட்டுக்குள்ள ரஹ்மத்து மலக்குங்க வரமாட்டாங்க. அத்தாவுக்குக் கடசி மூச்சு இழுத்துகினு கீது."

"அது பிஸ்மில்லாண்ணே."

"பறவையாத்தான கீது?"

இரண்டும் உண்மைதான். அலகு, இறக்கை, வால் எல்லாமே 'இறைவன் பெயரால்' என்ற பிஸ்மில்லாவின் அரபு எழுத்துகள். அத்தா ஹார்பரில் மூட்டை தூக்கிய காலத்தில் ஈரான் கப்பல்காரன் ஒருவன் கொடுத்தது. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் அதன் கண்ணாடியைத் தொட்டு முத்தமிடுவார். படுக்கையில் விழுந்த இந்த மூன்று மாதமும் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அருள் கொண்டுவரும் வானவர்கள் வாசலோடு திரும்பிப் போக, அத்தா துணையில்லாமல் திண்டாடுவதை நினைத்ததும் அஜீசா ஸ்டூலிலிருந்து குதித்தாள். அவருடைய துண்டால் படத்தைச் சுற்றி, இறுக்க முடிச்சுப் போட்டு வெளியே ஓடினாள்.

வந்தபிறகுதான் உறைத்தது. உள்ளே வைக்கக் கூடாது, பறவை. தரையில் வைக்கக் கூடாது, இறைவன் பெயர். வாசலில் சாக்கடை, சுவரோரம் ஆடுகள். கழற்றச் சொல்லத் தெரிந்த அண்ணனுக்கு, எங்கே வைப்பதென்று சொல்லத் தெரியவில்லை.

உள்ளே தாவூத் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிய குரல் நின்றது. "அஜீசா! அத்தா கண்ணு தேடிகினே கீது. வா!"

எதை என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

"படம் கைல கீதுண்ணே!"

எதிர்வீட்டு சிலுவையம்மாள் காசிமேட்டிலிருந்து வந்து மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். "எங்கைல குடுத்துட்டு ஓடு கண்ணு," என்றவள் தன் கைகளைப் பார்த்தாள். செதில் ஒட்டியிருந்தது. "சாமி பேராச்சே. இரு, கய்விகினு வரேன்."

அடிபம்பு இரண்டு முறை வெறும் காற்றை இழுத்தது. அஜீசா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே கொடுத்துவிட்டு ஓடினால் என்ன? இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கைகால் அலம்பாமல் தொடாத படம். 'யா அல்லா, கொஞ்சம் பொறு' என்று அல்லாவிடமே கெஞ்சினாள். தண்ணீர் வந்தது. சிலுவையம்மாள் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள்.

ஈரக் கைகளை நீட்டிக்கொண்டு அவள் வந்தபோது, உள்ளே தாவூத், மரணத்தின்போது சொல்லும் "இன்னாலில்லாஹி..."யைத் தொடங்கினான். பாதியில் குரல் உடைந்தது.

அஜீசா படத்தைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்தபடியே உள்ளே போனாள். அத்தாவின் கண்கள் திறந்திருந்தன. ஆணி இருந்த பக்கம் பார்த்திருந்தன. தாவூத் அவற்றை மூடக் கை நீட்டினான்.

"கொஞ்சம் இருண்ணே."

கட்டிலருகே உட்கார்ந்து முடிச்சைப் பிடித்தாள். இழுக்க இழுக்க அவிழவில்லை. தாவூத் அவளையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான்.