பிஸ்போவுக்குச் சொன்ன பதில்

பிஸ்போ என்ற காளை, தான் செத்த ஐந்தாம் ஆண்டு, ஜூலை மாதம் பதினேழாம் தேதி நண்பகலில் விலார்மியான் ஊருக்குள் நடந்து வந்தது. அன்று ஊரே கூடிக் கதிரடித்துக்கொண்டிருந்தது. ஆலைப் பாதை வழியாக வந்த காளை களத்தை ஓரமாகக் கடந்து, எர்மித்தாஸ் வீட்டுத் தொழுவத்தின் முன்னால் போய் நின்றது. உடம்பெல்லாம் உறைபனி. குளம்பு பட்ட இடத்தில் புல் வெளுத்து நொறுங்கியது. சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் வேர்வை சொட்டுகிற வெயில் அது. களத்தில் இருந்த முப்பத்தொரு பேரும் பார்த்தார்கள், ஒருவரும் கத்தவில்லை. "அது பனியா?" என்று ஒருவர் கேட்டார். "ஜூலையில பனி விழுமா?" என்றார் அடுத்தவர். "ஏன், விழக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்றார் மூன்றாமவர். அதோடு பேச்சு முடிந்தது. எங்கள் கலீசியா வட்டாரத்தில் கேள்விக்குப் பதில் கேள்விதான். அதிலும் எங்கள் ஊரில், மணி என்ன என்று கேட்டால்கூட எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். ஒரு காலத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேள்வி கேட்டவன் எல்லாம் வரி போடத்தான் வந்தான், அதனால் தொற்றிக்கொண்ட பழக்கம். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தப் பழக்கமே காரணம்.

உயிரோடு இருந்தவரை பிஸ்போ எங்கள் ஊர் மண்ணை மிதித்ததே இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் வளர்ந்து, அங்கேயே வயிறு உப்பிச் செத்தது. நெற்றியில் ஆயரின் தொப்பி போல ஒரு வெள்ளைத் திட்டு, அதனால்தான் ஆயர் என்று பொருள்படும் அந்தப் பெயர். சாவதற்கு முன் அதனிடமிருந்து எடுத்த விந்தணுவை ஆயிரக்கணக்கான மெல்லிய குச்சிகளில் அடைத்து, பனியைவிடப் பலமடங்கு குளிரில் உறைய வைத்திருந்தார்கள். சினை ஊசிக்காரர் டெல்மீரோ நைட்ரஜன் கேனை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார். கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பிஸ்போவின் புகைப்படம் ஒட்டியிருக்கும், அதில் பார்த்துத்தான் ஊருக்கு அதன் முகம் தெரியும். எங்கள் நாட்டு மாடு ஆறு லிட்டர் கறந்தால் அது பெரிய விஷயம். பிஸ்போவின் மகள்கள் இருபது கறந்தன. அதன் பிறகு வேறு காளையின் குச்சியை வீட்டுக்குள் கொண்டுவர யாரும் விடவில்லை. டெல்மீரோவுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. மகளுக்கு அப்பனின் குச்சியைப் போடக் கூடாது, போட்டால் கன்று நலிந்து பிறக்கும், பரம்பரையே சீரழியும். அதற்காகவே ஒவ்வொரு மாட்டுக்கும் அப்பன் பெயர் எழுதிய அட்டை கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அரசாங்க அட்டையை யாராவது வெளியில் எடுப்பார்களா? ஒன்று பெட்டிக்கு அடியில் கிடந்தது, இல்லையென்றால் அடுப்புக்குப் போனது.

ஒப்தூலியாவின் வீட்டில் ஒரு பசுதான், பெயர் கர்ரிதா. பிஸ்போவின் மகள். ஒப்தூலியாவின் கணவன் எலாதியோ ஒன்பது ஆண்டுகளாகச் சுவிட்சர்லாந்தில் மலையைக் குடைந்துகொண்டிருந்தான், கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் வருவான், போவான். முதல் தடவை பேருந்து ஏறும்போது, "மூணு கேன் பால் ஊத்தற வீடா இருந்தா எவன் போவான்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து மூன்று கேன் என்பது அவள் மனதில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டது. கர்ரிதா ஒரு கேன் தருவாள். இன்னும் இரண்டு வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் அவன் கடிதத்தில், "வந்துடட்டுமா?" என்று கேட்பான். அவள், "இங்க வந்து என்ன பண்ணப்போறே?" என்று பதில் எழுதுவாள். வா என்றுதான் அவள் நினைத்து எழுதினாள். வராதே என்றுதான் அவன் படித்தான். பக்கத்து வீட்டு எர்மித்தாஸுக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "என் புருஷன் ஜெர்மனியில, உன் புருஷன் சுவிஸ்ல, மாட்டோட புருஷன் செத்தே போயிட்டான். மூணு பேர்ல அவன் ஒருத்தன்தான்டி ஒழுங்கா வீட்டுக்கு வர்றான்," என்பாள். அந்தக் கோடைக்குப் பிறகு அவள் அதைச் சொல்லவில்லை.

காளை வந்ததற்கு முந்தின மாதம், ஜூனில், கர்ரிதா பருவத்துக்கு வந்து கத்தினாள். டெல்மீரோ வந்து, குச்சியை எடுக்கும் முன், வழக்கம்போல நோட்டைத் திறந்து, "இதோட அப்பன் யாரு?" என்று கேட்டார்.

"ஏன், பாத்தா தெரியலையா?" என்றாள் ஒப்தூலியா.

"பாத்தா எப்படிம்மா தெரியும்?"

"நீங்கதானே படிச்சவங்க?"

"பிஸ்போ இல்லையே?"

"பிஸ்போவா இருந்தா பிஸ்போ குச்சியே போடுங்கன்னு கேப்பேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள். பிஸ்போவின் மகளுக்கே பிஸ்போ என்றால் பால் இரண்டு மடங்காகும் என்று அவள் கணக்கு. டெல்மீரோவும் இந்த மண்ணில் பிறந்தவர்தான், கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது, மழை வேறு வரப் பார்த்தது. குச்சியை வெந்நீரில் போட்டு உருக்கி, தோள்வரை கையுறையை மாட்டிக்கொண்டு வேலையை முடித்தார். அந்த ஆண்டு அதே பதிலைப் பல வீடுகளில் கேட்டார், பல வீடுகளிலும் அதையே செய்தார். ஒவ்வொரு வீடும் தான் ஒன்றுதான் இந்தத் தந்திரம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது.

செப்டம்பரில் எர்மித்தாஸின் பசு ஈன்றது. கன்றைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டாள், அது அவ்வளவு சில்லென்று இருந்தது. கன்று நடுங்கவில்லை, கத்தவில்லை, பால் குடிக்கவில்லை. எழுந்து நின்றது, வாசலில் பிஸ்போ காத்திருந்தது, அதன் பின்னால் நடந்து போய்விட்டது. எர்மித்தாஸ் கயிற்றை வீசிப் பிடித்தாள். கயிறு வெளுத்து, காய்ந்த ரொட்டி போல உடைந்து விழுந்தது. பசு மூன்று நாள் கத்தி, மடி வற்றிப்போனது. நவம்பரில் அதே தெரு அவெலினோ வீட்டுப் பசுவின் முறை. இந்தத் தடவை கன்றோடு பசுவும் சேர்ந்து போனது. பாதிரியார் வந்து தொழுவம் தொழுவமாக மந்திரித்தார். தெளித்த தீர்த்தம் காற்றிலேயே உறைந்து அவர் காலடியில் கல்கல்லாக விழுந்தது. அவர் அதைக் குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டெல்மீரோ அவெலினோவின் மதில்மேல் உட்கார்ந்து, "அந்த மாட்டோட அப்பனும் பிஸ்போதானா?" என்று கேட்டார். அவெலினோ, "வேற யாரா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அழுதான். டெல்மீரோவின் முகம் செத்துப்போயிற்று. "மக வயித்துல தன்னோட கன்னு. ஒவ்வொண்ணா எண்ணிக் கூட்டிக்கிட்டுப் போக வந்திருக்கான்," என்றார். பிறகு வீடு வீடாகப் போய் விசாரித்தார். எல்லா வீட்டிலும் அவருக்குக் கேள்விதான் கிடைத்தது.

ஒப்தூலியா அன்றிலிருந்து தினமும் தொழுவத்துக்குப் போய்க் கர்ரிதாவைத் தொட்டுப் பார்த்தாள். பசுவின் வலப்பக்கத்தில் கையை வைத்து அழுத்தினால் கன்று தட்டுப்படும். அவள் கையை வைத்தபோது அந்த இடம் மட்டும் கிணற்றுக் கல் போலச் சில்லிட்டிருந்தது. ஜனவரியில் அங்கே உள்ளங்கை அளவுக்கு ரோமம் வெளுத்துப் பனி கட்டியது. அவள் சாக்கைச் சுட வைத்துக் கட்டினாள், சாக்கு விறைத்தது. கன்று போனால் இரண்டாவது கேன் போகும். பசுவும் போனால் முதல் கேனும் போகும். பிறகு எலாதியோ ஏன் வருவான்? எர்மித்தாஸ், "சந்தையில வித்துடு. பாவம் வாங்கறவனோட போகட்டும்," என்றாள். சந்தை நாளில் ஒப்தூலியா கர்ரிதாவை ஓட்டிக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தாள். பின்னால் பிஸ்போவும் நடந்து வந்தது. அவசரப்படவில்லை, நெருங்கவும் இல்லை. சந்தையில் அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியானது. மாட்டுத் தரகர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஒப்தூலியா அதே பாதையில் திரும்பி நடந்தாள், வழியெல்லாம் அழுதாள். பிப்ரவரியில் கடிதம் வந்தது. எலாதியோ வழக்கம்போல, "இந்த வருஷமாவது வந்துடட்டுமா?" என்று எழுதியிருந்தான். அவள் பதில் எழுதாமல் அதை உப்பு ஜாடிக்குக் கீழே வைத்தாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஊர் மத்தியானச் சூப்பில் ரொட்டியை நனைக்கிற நேரத்தில், கர்ரிதா ஈனுவதற்குப் படுத்துவிட்டாள். தெருவில் மேலும் கீழுமாகப் பிரிந்த கதவுகளின் கீழ்ப்பாதிகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. காளை வருகிறது என்று ஒப்தூலியாவுக்குத் தெரிந்தது. டெல்மீரோ முதலிலேயே வந்து வெந்நீர் வாளியோடு நின்றிருந்தார், ஆனால் அவர் முதுகு சுவரோடு ஒட்டிக்கொண்டது. பிஸ்போ தொழுவத்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வாளியில் வெந்நீர் ஆடை கட்டி உறைந்தது. ஒப்தூலியா கன்றின் முன்னங்கால்களில் கயிற்றைக் கட்டி, தனியாக இழுத்தாள். கை தோல் கயிற்றோடு ஒட்டிக் கிழிந்தது. கன்று வெளியே வந்து விழுந்தது. கிடேரி. ஆவி எழவில்லை, நடுங்கவில்லை. கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தது. எழுந்திருக்கக் காலை மடக்கியது. வாசலில் இருந்து காளை ஒப்தூலியாவைப் பார்த்தது. டெல்மீரோ ஒவ்வொரு தடவையும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பன் யாரு என்று கேட்டுவிட்டுப் பார்க்கிற பார்வை அது. அவள் வாய் தானாக, "ஏன்," என்று தொடங்கியது. அந்தச் சொல் அவள் பல்லிலேயே பனியாக ஒட்டிக்கொண்டது. அவள் அதைத் துப்பினாள்.

"நீதான்," என்றாள். "கர்ரிதாவுக்கும் நீதான் அப்பன். இதுக்கும் நீதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போடச் சொன்னேன். என் புருஷன் வீட்டுக்கு வரணும்னு போடச் சொன்னேன்."

விலார்மியானில் யாரும் யாருக்கும் இப்படி நேராகப் பதில் சொன்னதாக அதற்கு முன் தகவல் இல்லை. பிஸ்போ பெருமூச்சு விட்டது. வந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக அதன் மூக்கிலிருந்து ஆவி வந்தது, தொழுவம் முழுவதும் வைக்கோல் வாசனை அடித்தது. கன்றின் முதுகில் அந்த மூச்சுப் பட்டது. கன்று உலுக்கி உலுக்கி நடுங்கத் தொடங்கியது. டெல்மீரோ சுவரை விட்டுப் பாய்ந்து வந்து, "குளிருது! அதுக்குக் குளிருது! தேய்ங்க, நல்லாத் தேய்ங்க!" என்று கத்தினார். இருவரும் சாக்கால் தேய்த்தார்கள், கர்ரிதா நக்கினாள், கன்று கத்தியது. பிஸ்போ உள்ளே வந்து, காலியாக இருந்த மூலைக் கட்டுத்தறியில் படுத்துக்கொண்டது. டெல்மீரோ அட்டையில் அப்பன் பிஸ்போ என்று எழுதி, தாத்தா பிஸ்போ என்றும் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஒப்தூலியா கிழிந்த கையோடு மேலே வீட்டுக்குப் போய், உப்பு ஜாடிக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்து, அதன் பின்புறத்தில், "வா," என்று எழுதினாள். வேறு எதுவும் எழுதவில்லை. அன்றே தபாலில் சேர்த்தாள்.

மறுநாள் எர்மித்தாஸ் ஒப்தூலியாவின் தொழுவத்து வாசலில் நின்று, வாயைத் தலைத்துணியின் நுனியால் பாதி மூடிக்கொண்டு, "எங்க கன்னுக்கும் நீதான் அப்பன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் ஆறு மாத வளர்ச்சியோடு ஒரு கிடேரி ஆலைப் பாதையில் வந்து அவள் கதவை முட்டியது. சினை மாடு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அதையே சொன்னார்கள். அவெலினோ மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் காளையின் முகத்தைப் பார்த்ததும், "நான் என்னத்தைச் சொல்ல?" என்பதைத் தவிர அவன் வாயில் ஒன்றும் வரவில்லை. அவன் பசுவும் கன்றும் திரும்பி வரவே இல்லை. அந்தத் தொழுவத்தில் இன்று விறகு அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சந்தையில் மாட்டின் அப்பன் பெயரை நேராகச் சொல்லுவதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பிஸ்போவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பால் கறக்க இன்றும் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

எலாதியோ மே மாதம் அட்டைப் பெட்டி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் போகும் முன் தொழுவத்தை எட்டிப் பார்த்தான். கர்ரிதா ஒரு கேன் பாலோடு நின்றிருந்தாள், கிடேரி கால் உறுதிப்பட்டுத் துள்ளிக்கொண்டிருந்தது, இரண்டாவது கேனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆகும், மூன்றாவது எங்கே என்றே தெரியாது. மூலையில் உறைபனி போர்த்திய காளை அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"இது யாரு?" என்றான்.

"கர்ரிதாவோட அப்பன். இந்தக் கன்னுக்கும் அப்பன்."

எலாதியோ பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "இங்கயேதான் இருப்பானா?"

"இருப்பான்."

"நானும் இருக்கலாமா?"

ஒப்தூலியாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. அவள் அதை மூடி, மறுபடி திறந்து, "இரு. மூணு கேன் ஆனாலும் இரு, ஆகாட்டியும் இரு," என்றாள். அவன் பெட்டியை இறக்கி வைத்தான். வாசலில் வெயிலில் நின்ற பால் கேன் அவன் கண்ணில் பட்டது. பால் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது, வெயிலில் வைத்தால் பால் கெட்டுப்போகும். அவன் கேனைத் தூக்கிக்கொண்டு, முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, காளையின் விலாவோடு அணைத்து வைத்தான். கேன் வேர்த்தது. பக்கத்து வீட்டுக் கேன்களும் ஒவ்வொன்றாக அங்கே வந்து சேர்ந்தன. அந்தக் கோடை முழுவதும் எங்கள் ஊர்ப் பால் ஒரு நாளும் திரியவில்லை.