தத்துவத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

எழுபத்தெட்டாம் ஆண்டில் ஆரணியில் திரைப்படச் சங்கம் தொடங்கித் தலைவரானதிலிருந்து, பட்டுக்கடை தனகோடிக்குப் பாட்டும் சண்டையும் உள்ள படமென்றாலே குமட்டியது. அந்த ஞாயிறு மதியம் கல்யாண மண்டபத்தில் சங்கம் போட்ட வங்காளப் படத்தில், ஒரு மனிதன் மூடிய கதவின் முன்னால் வாய் திறக்காமல் நின்றுகொண்டே இருந்தான். தனகோடி கண்கலங்கிப் போயிருந்த நேரத்தில், பக்கத்திலிருந்த மனைவி லீலா சொன்னாள்:

"பொண்டாட்டி உள்ள தாப்பா போட்டுகினா போல கீது."

மண்டபமே சிரித்தது. தலைவருக்கு மானம் போயிற்று. எழுந்து நின்று கத்தினார்.

"அறிவு இருக்குதா உனக்கு? அது கதவு இல்ல, மரணம்! ரசிக்கத் தெரியலன்னா வூட்டுக்குப் போ!"

லீலா எழுந்து போனாள்.

படம் முடிந்ததும் அந்தக் கதவைப் பற்றித் தனகோடி ஒரு மணி நேரம் பேசினார். நாற்காலி அடுக்க வந்தவர்கூடத் தப்ப முடியவில்லை. தொண்டை வற்றிப் பசியோடு வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டித் தட்டிக் கைதான் வலித்தது. எதிர்வீட்டில் தறிச் சத்தம் நின்று, ஜன்னலில் தலைகள் முளைத்தன.

"லீலா, பேஜார் பண்ணாத. கதவத் தொற."

உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"அது கதவு இல்லிங்க, மரணம். அப்படியே நின்னு ரசிங்க."